கடவுள்தான் முடிவு பண்றார்னா நாம எதுக்கு இவ்ளோ ஓடணும்? யூதர்கள் சொல்ற 'ஹிஷ்தத்லுத்' (மனுஷன் தன் பங்குக்கு பண்ண வேண்டிய முயற்சி) பத்தி ஒரு கேள்வி

மலர்_ஜெருசலேம்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெருசலேம்ல ஒரு வயசான அம்மாவைப் பார்த்துக்கிற கேர்கிவர் வேலையில இருக்கேன், சொந்த ஊரு நாகர்கோவில் பக்கம். வீட்டுல எல்லாரும் ரொம்ப பக்தியான யூதங்க, வெள்ளிக்கிழமை பொழுது சாயுறதுக்குள்ள சமையல் எல்லாம் முடிஞ்சிடணும், அப்புறம் சனிக்கிழமை ராத்திரி வரை லைட் சுவிட்சைக் கூட தொட மாட்டாங்க. அம்மாவை நான் சவ்தான்னுதான் கூப்பிடுவேன், இங்க பாட்டியை அப்படித்தான் சொல்லுவாங்க. இப்போ சவ்தாவுக்கு இதயத்துல வால்வு மாத்தணும்னு சொல்லியிருக்காங்க, வயசு காரணமா ரிஸ்க் இருக்குன்னு டாக்டர் மறைக்காம சொல்லிட்டார்.

இந்த பிள்ளைங்க ஓடின ஓட்டத்தை நான் கண்ணால பார்த்தேன். ரிப்போர்ட்டை எடுத்துட்டு ஒவ்வொரு டாக்டரா போனாங்க, அவங்க சமூகத்துல எந்த வியாதிக்கு எந்த டாக்டர்னு வழி சொல்றதுக்குன்னே ஆள் இருக்காங்க, அவங்க கிட்ட கேட்டாங்க, ரப்பி (அவங்க மத குரு) கிட்ட கேட்டாங்க, அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு ஸ்கேன் எல்லாம் அனுப்பினாங்க. சங்கீதம் 150ஐயும் குடும்பத்துக்குள்ள பங்கு போட்டு தினமும் படிக்கிறாங்க, அதுல சவ்தா பேரோட அவங்க அம்மா பேரையும் சேர்த்து சொல்றாங்க. சமையல்கட்டுல இருக்கிற தர்ம உண்டியல்ல காசு போடுறாங்க. ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு. அன்னைக்கு ராத்திரி பெரிய பையன் "நாங்க செய்ய வேண்டிய ஹிஷ்தத்லுத்தை செஞ்சிட்டோம்"னு சொல்லிட்டு வழக்கம்போல பாடம் படிக்க கிளம்பிட்டார். அதுக்கப்புறம் வீட்டுல யாரும் அதைப் பத்தி பதறிப் பேசவே இல்ல. அம்மா மேல பாசம் இல்லாம இல்ல, அந்த மனுஷன் அவங்க காலைப் பிடிச்சு விடுறதை நான் பார்த்திருக்கேன்.

எனக்குப் புரியாதது, எல்லாம் கடவுள் முடிவுதான்னு நம்புறவங்க எதுக்கு அவ்ளோ டாக்டர் கிட்ட அலையணும், அலைஞ்சாத்தான் ஆகும்னா எப்படி ஒரு இடத்துல சட்டுனு நிறுத்திட்டு நிம்மதியா இருக்க முடியுது? நல்லபடியா முடியலன்னா என்ன சொல்லுவாங்க? இதை அவங்க கிட்டயே கேக்க எனக்கு ஒரு தயக்கம், இந்த நேரத்துல போய் எப்படி கேக்குறது. இன்னொண்ணும் உண்மையைச் சொல்லிடுறேன், என் மக நீட் எழுதிட்டு ரிசல்ட்டுக்கு காத்துட்டு இருக்கா, நான் இங்க ராத்திரி எல்லாம் முழிச்சிட்டு கிடக்கேன். அவங்களுக்கு வர்ற அந்த நிம்மதி எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கணும்னு இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_ஏடு:

மலர் அக்கா, நீங்க பார்த்தது அந்த ஒரு வீட்டு பழக்கம் இல்ல, ஆயிரக்கணக்கான வருஷமா உக்காந்து வாதாடி எழுதி வெச்சிருக்கிற விஷயம். நான் மத ஒப்பீடு படிச்சவன், இந்தப் பகுதி மேல எனக்கு தனி பிரியம் உண்டு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல தல்மூத்ல, அதாவது பழைய ரப்பிகளோட வாதங்களைத் தொகுத்த பெரிய நூல்ல, வர்ற ஒரு கேள்வி பதில். அலெக்ஸாண்ட்ரியா ஊர்க்காரங்க ரப்பி யெஹோஷுவா பென் ஹனன்யா கிட்ட வந்து, மனுஷன் பணக்காரன் ஆகணும்னா என்ன பண்ணணும்னு கேக்குறாங்க. வியாபாரத்தை நல்லா பெருக்கு, நேர்மையா கொடுக்கல் வாங்கல் பண்ணுன்னு சொல்றார். அவங்க விடல, அப்படி பண்ணினவங்க நிறைய பேர் இருக்காங்க, ஒண்ணும் ஆகலையேன்னு கேக்குறாங்க. அப்போ செல்வம் யாருடையதோ அவர் கிட்ட இரக்கம் கேளுங்கன்னு சொல்றார். அறிவாளி ஆகுறதுக்கும் இதே கேள்வி, இதே மாதிரி பதில். உடனே தல்மூத்தே கேக்குது, கடைசியில கடவுள் கிட்டதான் கேக்கணும்னா முதல்ல எதுக்கு வியாபாரம் பண்ணு, படின்னு சொன்னார்? அதுக்கு வர்ற பதில், அது இல்லாம இது போதாது, அவ்வளவுதான். எனக்கு இதுல பிடிச்சது அந்த ஊர்க்காரங்க சொன்ன "நிறைய பேர் பண்ணிப் பார்த்தாங்க, ஒண்ணும் ஆகல" ங்கிற வரிதான், அதை யாரும் மறுக்கல பாருங்க. உழைச்சா கண்டிப்பா கிடைக்கும்னு ஒரு பொய் சமாதானத்தை அந்த இடத்துல சொல்லியிருக்கலாம், சொல்லல.

அடுத்து வேலை பெருசா படிப்பு பெருசான்னு ஒரு சண்டை. ரப்பி ஷிமோன் பர் யோஹாய் சொல்றார், உழுற காலத்துல உழுது விதைக்கிற காலத்துல விதைச்சுட்டே இருந்தா வேதம் எப்போ படிக்கிறது, நாம கடவுள் விருப்பப்படி நடந்தா நம்ம வேலையை வேற ஆளுங்க செய்வாங்கன்னு. ரப்பி இஸ்மவேல் இல்ல, வேதத்தோட உலக வழக்கத்தையும் சேர்த்துக்கோன்னு சொல்றார். கொஞ்ச காலம் கழிச்சு அபாயேன்னு ஒருத்தர் வந்து, இஸ்மவேல் சொன்னபடி நிறைய பேர் நடந்தாங்க, சரியா வந்துச்சு, ஷிமோன் சொன்னபடியும் நிறைய பேர் நடந்தாங்க, சரியா வரலன்னு சொல்லி முடிச்சிடுறார். ரவாங்கிற ஆசிரியர் இன்னும் நேரா, நிசான் மாசமும் திஷ்ரி மாசமும் என் கண்ணுல படாதீங்க, அறுப்புக்கும் திராட்சை ஒலிவம் ஆட்டுறதுக்கும் போங்க, அப்போதான் வருஷம் பூரா சாப்பாட்டுக்கு கவலைப்பட மாட்டீங்கன்னு மாணவர்களை விரட்டி விடுறார்.

இப்போ உங்க கேள்விக்கு. உங்க வீட்டு பெரிய பையன் சொன்ன வாக்கியத்துக்கு பின்னாடி இருக்கிறது 1740ல ஆம்ஸ்டர்டாம்ல வந்த ஒரு புத்தகம், எழுதினவர் மோஷே ஹயீம் லுட்சாட்டோ, இன்னைக்கும் அங்க பசங்க உக்காந்து படிக்கிறது. அவர் சொல்றது, ஆதாமுக்கு "நெற்றி வேர்வையால் சாப்பிடுவாய்"னு ஒரு தீர்ப்பு ஆச்சு இல்லையா, அது மனுஷ குலம் முழுக்க கட்ட வேண்டிய ஒரு வரி. முயற்சிங்கிறது அந்த வரி. அந்த முயற்சிதான் பலனை உண்டாக்குதுன்னு அர்த்தம் இல்ல, ஆனா அதைக் கட்டாம இருக்க முடியாது. கட்டிட்டா கடமை முடிஞ்சுது, நாள் பூரா அதுலயே கிடந்து உழல வேண்டாம். இதைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா நீங்க கேட்ட ரெண்டு கேள்வியும் ஒரே இடத்துக்கு வந்துடும். அவங்க டாக்டர் கிட்ட ஓடுறது கடமைங்கிறதால, டாக்டர்தான் காப்பாத்துவார்ங்கிறதால இல்ல. கடமைங்கிறதுக்கு ஒரு எல்லை உண்டு, ஆனா "நான்தான் இதை நடத்தி வைக்கணும்"னு நினைக்கிறவனுக்கு எல்லையே கிடையாது, இன்னும் ஒரு டாக்டர் இன்னும் ஒரு டாக்டர்னு போய்ட்டே இருக்கணும். நிம்மதி அங்க இருந்துதான் வருது.

தேனி_செல்வம்:

இது நம்ம கீதையிலயே இருக்கே, கடமையைச் செய் பலனை எதிர்பார்க்காதேன்னு. எல்லா மதமும் கடைசியில ஒண்ணைத்தான் சொல்லுது.

பழைய_ஏடு:

செல்வம் அண்ணே, பக்கத்துல வருது, ஆனா ஒண்ணு இல்ல. யூத மரபுல பலன் மேல ஆசை வைக்காதேன்னு சொல்றது இல்ல. ஆசைப்படலாம், அழலாம், கடவுள் கிட்ட சண்டையே போடலாம். ஆபிரகாம் சோதோம் ஊருக்காக அம்பது பேர் நல்லவங்க இருந்தா, நாப்பத்தஞ்சு இருந்தான்னு பத்து வரைக்கும் பேரம் பேசுறார். அன்னாள் பிள்ளைக்காக கோயில்ல உதடு மட்டும் அசைய அழுதுட்டு நிக்கிறா, பூசாரி குடிச்சிருக்கான்னே நினைச்சிடுறார்.

தாவீது கதையைத்தான் நான் மலர் அக்காவோட மூணாவது கேள்விக்கு பதிலா சொல்லணும்னு இருந்தேன், பைபிள்ல 2 சாமுவேல் 12ல வருது. கைக்குழந்தை சாகக் கிடக்கு, ராஜா தரையில விழுந்து கிடக்குறார், சாப்பிடல, பெரியவங்க வந்து எழுப்பினாலும் எழுந்திரிக்கல. ஏழாம் நாள் குழந்தை செத்துப் போச்சு. சொல்ல எல்லாருக்கும் பயம், உயிரோட இருக்கும்போதே இப்படி கிடந்தவர் இப்போ என்ன பண்ணுவாரோன்னு. ஆனா அவர் எழுந்து குளிச்சு, துணி மாத்தி, ஆலயத்துக்குப் போய் கும்பிட்டுட்டு வந்து சாப்பாடு கேக்குறார். என்ன இதுன்னு கேட்டப்போ, குழந்தை உயிரோட இருந்தப்போ கடவுள் ஒருவேளை இரங்குவாரோ யாருக்குத் தெரியும்னு அழுதேன், இப்போ நான் எதுக்கு பட்டினி கிடக்கணும், அவனைத் திரும்பக் கொண்டு வர முடியுமான்னு கேக்குறார். கல் மனசு இல்ல அது, ஏழு நாள் தரையில கிடந்த மனுஷன். தெரியாம இருந்த வரைக்கும் முழு பலத்தோட கேட்டார், தெரிஞ்சதும் எழுந்துட்டார்.

தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னாங்கிற பழைய சட்டத் தொகுப்புல இதை ஒரு விதியாவே எழுதி வெச்சிருக்காங்க. முடிஞ்சு போனதுக்காக அழுது கேக்குறது வீண் ஜெபம். உதாரணமும் கொடுக்குறாங்க, ஒருத்தன் ஊருக்குத் திரும்பி வர்றான், தூரத்துல ஊருக்குள்ள இருந்து அலறல் சத்தம் கேக்குது, "இது என் வீடா இருக்கக் கூடாது"ன்னு வேண்டினா அது வீண் ஜெபம். ஏன்னா யாரோ வீட்டுல ஏற்கெனவே நடந்து போச்சு. அக்கா, உங்க மக எழுதி முடிச்ச பரீட்சையை இந்தக் கணக்குல பாருங்க. பேப்பர்ல குறிச்சது குறிச்சதுதான், அது மாறணும்னு ராத்திரி முழிச்சு வேண்டுறதை இந்த மரபு வேண்டாம்னு சொல்லும். இனிமே வரப்போறதுக்கு கேளுங்க, மார்க் எதுவா இருந்தாலும் அடுத்து எந்தப் பக்கம் போகணும்ங்கிற தெளிவுக்கு கேளுங்க, அவ மனசுக்குத் தைரியம் கேளுங்க, அதெல்லாம் இன்னும் முடிவாகாத விஷயம். கெட்ட சேதி வந்தா சொல்றதுக்கும் அவங்க கிட்ட ஒரு வாழ்த்து இருக்கு, "உண்மையான நீதிபதி வாழ்த்தப்படுவாராக"ன்னு, சாவு சேதி கேட்ட உடனே சொல்லுவாங்க. நல்லதுக்கு வாழ்த்துற மாதிரியே கெட்டதுக்கும் வாழ்த்தணும்னு மிஷ்னா சொல்லுது. எல்லாருக்கும் அது வாய்ல லேசா வந்துடும்னு நினைக்காதீங்க, அழுதுட்டேதான் சொல்லுவாங்க.

வார்டு_நர்ஸ்:

மருத்துவம் பத்தி ஒண்ணு சேர்க்கிறேன், நான் இங்க ஆஸ்பத்திரியில யூதர்கள் முஸ்லிம்கள் கூட சேர்ந்து வேலை பார்க்கிறவ, இதைப் பத்தி கூட வேலை பார்க்கிறவங்க கிட்ட நிறைய பேசியிருக்கேன்.

கடவுள் கொடுத்த வியாதியை டாக்டர் எப்படி குணமாக்கலாம்னு அவங்களுக்கே ஒரு காலத்துல கேள்வி இருந்துச்சு. யாத்திராகமம் 21ல ஒருத்தன் இன்னொருத்தனை அடிச்சு காயப்படுத்தினா வைத்தியச் செலவையும் கொடுக்கணும்னு வருது, அதை வெச்சுத்தான் தல்மூத் வைத்தியனுக்கு குணமாக்க அனுமதி இருக்குன்னு முடிவுக்கு வருது. பதினாறாம் நூற்றாண்டுல யோசேப் காரோ தொகுத்த சட்டப் புத்தகத்துல அது அனுமதியோட நிக்கல, கடமைன்னே ஆகிடுது, வைத்தியம் பார்க்கத் தெரிஞ்சும் பார்க்காம ஒதுங்கினா அது ரத்தம் சிந்துறதுக்கு சமம்னு எழுதியிருக்கார்.

மைமோனிடீஸ் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, 1204ல இறந்தார், எகிப்துல அரசவை வைத்தியர், அதே நேரம் யூதச் சட்டத்துல அவரை மீறின பெரிய தலை கிடையாது. எசேக்கியா ராஜா மருந்துப் புத்தகத்தை ஒளிச்சு வெச்சார்னு ஒரு பழைய கதை இருக்கு, மக்கள் கடவுளை நம்பாம மருந்தை நம்பினதால ஒளிச்சார்னு சிலர் விளக்கம் சொன்னாங்க. மைமோனிடீஸ்க்கு அந்த விளக்கத்தைக் கேட்டதும் கோபம் வந்துடுது. பசிச்சவன் ரொட்டி சாப்பிட்டு பசி ஆறினா கடவுள் மேல நம்பிக்கை இல்லன்னு சொல்லுவியா, சாப்பிடும்போது கடவுளுக்கு நன்றி சொல்ற மாதிரி மருந்து சாப்பிடும்போதும் நன்றி சொல்லுன்னு எழுதுறார். எல்லாரும் இதை ஒத்துக்கல, அடுத்த நூற்றாண்டுல நஹ்மானிடீஸ்னு ஒருத்தர், மக்கள் எல்லாம் நல்ல நிலையில இருந்த காலத்துல டாக்டருக்கே வேலை இருந்திருக்காதுன்னு எழுதினார், ஆனா வைத்தியம் பார்க்கிற டாக்டரை அவரும் தடுக்கல.

ஆபத்துல போய் நின்னுட்டு கடவுள் பார்த்துப்பார்னு சொல்ற வேலையும் அங்க நடக்காது. பதினோராம் நூற்றாண்டுல ஸ்பெயின்ல பஹ்யா இபின் பகூதா கடவுள் நம்பிக்கை பத்தி அரபு மொழியில ஒரு பெரிய பகுதி எழுதினார், கடவுள் கையில எல்லாத்தையும் ஒப்படைக்கிறது பத்தி அதுக்கு மேல யாரும் எழுதினது இல்லன்னு சொல்லுவாங்க, அவரே விஷத்தைக் குடிக்கிறவன், தேவை இல்லாம சிங்கத்தோட மோதப் போறவன் எல்லாம் நம்பிக்கை பேரைச் சொல்லி தப்பிக்க முடியாதுன்னு கண்டிக்கிறார். சனிக்கிழமை சுவிட்சைத் தொடாதவங்கதான், உயிருக்கு ஆபத்துன்னா ஒரு நிமிஷம் யோசிக்காம ஆம்புலன்ஸை கூப்பிடுவாங்க, கூப்பிட்டே ஆகணும்னு சட்டம். மலர், உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், தெரியலன்னா தெரிஞ்சு வெச்சுக்கோங்க, சனிக்கிழமை சவ்தாவுக்கு நெஞ்சு வலின்னா வீட்டுல யார் என்ன நினைப்பாங்களோன்னு தயங்காதீங்க.

கேள்விக்காரன்:

எல்லாம் படிச்சேன், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு கேள்வி கேட்டே ஆகணும், கோவிச்சுக்காதீங்க. ஹிட்லர் காலத்துல அறுபது லட்சம் யூதர்களை கொன்னாங்க, அதுல எவ்வளவோ பேர் இதே மாதிரி சங்கீதம் படிச்சவங்கதான், முயற்சி பண்ணினவங்கதான், விசாவுக்கு அலைஞ்சவங்கதான். அதுக்கப்புறமும் முயற்சி உன்னுது முடிவு கடவுளுதுன்னு ஒரு மனுஷன் எப்படி சொல்ல முடியும்?

வரலாறு_வாசகி:

இதுக்கு சுலபமா பதில் சொல்ற யாரையும் நான் நம்ப மாட்டேன். பதிலா இல்லாம, அந்தக் கேள்விக்கு நடுவுல நின்னவங்க என்ன பண்ணினாங்கன்னு சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். நம்பிக்கை வெச்சா நல்லதுதான் நடக்கும்ங்கிற கருத்தை யூத மரபுலயே ஒரு பெரிய ஆள் உடைச்சிருக்கார். ஹசோன் இஷ்னு சொல்லுவாங்க, முழுப் பேர் அவ்ராஹாம் யெஷாயா கரேலிட்ஸ், 1933ல லிதுவேனியா பக்கம் இருந்து பாலஸ்தீனத்துக்கு வந்து பினே பிராக்ல குடியேறினவர், 1953ல இறந்தார், அடுத்த வருஷம் அவர் எழுதி வெச்சிருந்தது புத்தகமா வந்துச்சு. அதுல அவர் சொல்றார், ரெண்டு முடிவுக்கு வாய்ப்பு இருக்கிற ஒரு விஷயத்துல கண்டிப்பா நல்லதுதான் நடக்கும்னு நினைக்கிறதுதான் நம்பிக்கைன்னு ஜனங்க மனசுல ஒரு பழைய தவறு இருக்கு, அப்படி இல்ல, வரப்போறதை தீர்க்கதரிசி வாயால கேட்டிருந்தா ஒழிய யாருக்கும் தெரியாது. எதுவும் தற்செயலா நடக்கல, எல்லாம் அவர் கிட்ட இருந்துதான் வருதுன்னு நிக்கிறது மட்டும்தான் நம்பிக்கை. அதுல நல்லபடியா முடியும்ங்கிற கேரண்டி கிடையாது. இதை ஹசிதிம்ங்கிற பக்திப் பிரிவுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. அவங்கள்ல லுபாவிச்ங்கிற கிளையோட மூணாவது தலைவர் கிட்ட ஒருத்தர் சாகக் கிடக்கிற பிள்ளைக்காக வந்தப்போ, நல்லதையே நினை, நல்லதே நடக்கும்னு சொன்னாராம், அந்த நினைப்பே நல்லதை வரவழைக்கும்னு அவங்க நம்புறாங்க. இந்த ரெண்டு பக்கமும் இன்னைக்கு வரைக்கும் வாதாடிட்டுதான் இருக்கு. எனக்கு ஹசோன் இஷ் சொல்றதுதான் நிக்க முடியிற தரையா தெரியுது, ஏன்னா கேள்விக்காரன் கேட்ட கேள்விக்கு முன்னாடி இன்னொண்ணு நிக்காது.

இப்போ வார்ஸா. போலந்து தலைநகர்ல நாஜிகள் யூதர்களை அடைச்சு வெச்ச பகுதியை கெட்டோன்னு சொல்லுவாங்க, 1940 நவம்பர்ல அதை மூடினாங்க, நாலு லட்சத்துக்கும் மேல ஜனங்களை உள்ள அடைச்சு. உள்ள இம்மானுவேல் ரிங்கல்ப்ளூம்னு ஒரு வரலாற்று ஆசிரியர் ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். பட்டினி, வியாதி, கல்யாணம், பள்ளிக்கூடம், கள்ளக்கடத்தல், ரேஷன் அட்டை, மிட்டாய் காகிதம் வரைக்கும் எல்லாத்தையும் சேகரிச்சு எழுதி வெச்சாங்க. கூட்டத்துக்கு வெச்ச பேரு ஓய்னெக் ஷாபெஸ், ஓய்வுநாள் மகிழ்ச்சின்னு அர்த்தம், சனிக்கிழமைகள்ல கூடினதால. 1942 ஜூலை 22ல ஜனங்களை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில் ஏத்த ஆரம்பிச்சாங்க. ஆகஸ்ட்ல முதல் பங்கை தகரப் பெட்டிகள்ல போட்டு மண்ணுல புதைச்சாங்க, 1943 தொடக்கத்துல அடுத்த பங்கை பெரிய பால் கேன் ரெண்டுல. புதைச்சவங்கள்ல ஒருத்தன் டேவிட் கிராபர், பத்தொன்பது வயசு, உலகத்துக்கு கத்திச் சொல்ல முடியாததை மண்ணுல புதைச்சோம்னு எழுதி அதுகூடவே வெச்சான். யார் எடுப்பாங்க, எடுக்க யாராவது உயிரோட இருப்பாங்களா, ஒண்ணும் தெரியாது. அந்தக் கூட்டத்துல அறுபது பேர் வரை இருந்தாங்க, பிழைச்சது மூணு பேர். பிழைச்சவங்கள்ல ஹெர்ஷ் வாஸர்ங்கிறவருக்கு இடம் தெரிஞ்சிருந்ததால 1946 செப்டம்பர்ல முதல் பங்கை இடிபாட்டுக்கு அடியில இருந்து எடுத்தாங்க, 1950 டிசம்பர்ல பால் கேன்கள் கிடைச்சுது. மூணாவது பங்கு இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல.

அந்தக் கூட்டத்துல நிறைய பேர் மதப் பிடிப்பு இல்லாதவங்கதான், ரிங்கல்ப்ளூமே இடதுசாரி. அதனால அவங்களை எல்லாம் கடவுள் நம்பிக்கைக் கணக்குல சேர்க்க எனக்கு உரிமை இல்ல. ஆனா கண்டெடுத்த அந்தக் காகிதங்களுக்கு நடுவுல ஒரு ரப்பியோட கையெழுத்துப் பிரதியும் இருந்துச்சு. பியாஸெட்ஸ்னா ஊர் ரப்பி கலோனிமஸ் கல்மான் ஷாபிரா. 1939 செப்டம்பர் குண்டுவீச்சுல ஒரே மகன், மருமகள் ரெண்டு பேரையும் பறிகொடுத்தவர். அதுக்கப்புறமும் 1942 கோடை வரைக்கும் கெட்டோவுக்குள்ள சனிக்கிழமைகள்ல பிரசங்கம் பண்ணி, அதை எழுதி வெச்சுட்டே வந்தார். போகப் போக அவர் எழுத்துல விளக்கம் குறையுது. ஆரம்பத்துல பாவத்துக்கு தண்டனைங்கிற மாதிரி பேச்சு வருது, கடைசிப் பக்கங்கள்ல இந்த மாதிரி ஒண்ணு இதுக்கு முன்னாடி நடந்ததே இல்லன்னு எழுதுறார், கடவுளே உள்ளறையில உக்காந்து அழுதுட்டு இருக்கார்னு எழுதுறார். கூடவே ஒரு கடிதம், இதைக் கண்டெடுக்கிறவர் பாலஸ்தீனத்துல இருக்கிற என் சகோதரருக்கு தயவு செஞ்சு அனுப்பி வைக்கணும்னு. 1943 நவம்பர்ல அவரைக் கொன்னுட்டாங்க. காகிதம் கிடைச்சுது, 1960ல இஸ்ரேல்ல அச்சாச்சு.

அவருக்கு ஏன் இது நடக்குதுன்னு தெரியல, தெரியும்னு அவர் சொல்லிக்கவும் இல்ல. அந்த வார பிரசங்கத்தை எழுதினார், காகிதத்தைப் பத்திரமா யார் கையிலயோ கொடுத்தார். வேலையை முடிக்கிறது உன் பொறுப்பு இல்ல, அதை விட்டு விலகுறதுக்கும் உனக்கு சுதந்திரம் இல்லன்னு ரப்பி தர்ஃபோன் சொன்னது வாழ்த்து அட்டையில எல்லாம் போடுற அளவுக்கு தேய்ஞ்சு போச்சு, ஆனா நான் அதை வார்ஸாவை வெச்சுத்தான் படிக்கிறேன்.

கேள்விக்காரன்:

நன்றிங்க. பதில் இல்லன்னு சொன்னதுக்கும் சேர்த்து.

மலர்_ஜெருசலேம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாவீது கதை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுல சின்ன வயசுல இருந்து கேட்டதுதான், இப்படி யோசிச்சதே இல்ல. இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். வரின்னு சொன்னீங்க, சரி, எவ்வளவு கட்டணும்னு யாரு சொல்றது? மூணு டாக்டர் போதுமா, அஞ்சு பார்க்கணுமா? எது போதும், எது சோம்பேறித்தனம்னு அவங்களுக்கு எப்படித் தெரியுது?

பழைய_ஏடு:

அக்கா, அளவுகோல் கிடையாது, அதுதான் இதுல கஷ்டமான இடம், அவங்களும் அங்கதான் சண்டை போட்டுக்கிறாங்க. ரெண்டு கதையை பக்கத்துல பக்கத்துல வெச்சு பேசுவாங்க. யாக்கோபு, கோபத்துல இருக்கிற அண்ணன் ஏசா நானூறு பேரோட வர்றான்னு கேட்டதும், கூட்டத்தை ரெண்டாப் பிரிக்கிறார், ஒண்ணு போனாலும் ஒண்ணு தப்பிக்கட்டும்னு. ஜெபம் பண்றார். வெள்ளாடு, செம்மறி, ஒட்டகம், மாடு, கழுதைன்னு ஐநூத்துக்கும் மேல உருப்படி காணிக்கையா அனுப்பறார், அதையும் மந்தை மந்தையா இடைவெளி விட்டு. அவ்ளோ பண்ணினதுக்கு ராஷி மாதிரி உரைகாரங்க குறை சொல்லல, சண்டைக்கும் ஜெபத்துக்கும் காணிக்கைக்கும் தயாரா இருந்தார்னுதான் எழுதுறாங்க. யோசேப்பு ஜெயில்ல இருந்து வெளிய போற பானபாத்திரக்காரன் கிட்ட, என்னை ஞாபகம் வெச்சு ராஜா கிட்ட சொல்லுன்னு கேட்டது அவ்வளவுதான். அதுக்கு, அந்த ஆளை நம்பினதால ரெண்டு வருஷம் கூட ஜெயில்ல கிடந்தார்னு பழைய விளக்கம் ஒண்ணு சொல்லுது. படிக்கிறவங்களுக்கு இது அநியாயமாத்தான் தெரியும். பின்னாடி வந்தவங்க யோசேப்பு இருந்த நிலைக்கு அது அதிகம், சாதாரண மனுஷன் கேட்டிருந்தா தப்பே இல்லன்னு சமாதானம் சொன்னாங்க. எனக்கு அந்த சமாதானம் முழுசா ஒட்டல, சிறையில இருக்கிறவன் உதவி கேக்குறதை யாரால குறை சொல்ல முடியும்.

நடைமுறையில அவங்க பார்க்கிறது, அந்த ஊர்ல அந்தப் பிரச்சனைக்கு புத்தியுள்ள ஒரு ஆள் என்ன பண்ணுவாரோ அதைப் பண்ணு, அதுக்கு மேல பண்றது பயத்துல பண்றதா பார்த்துக்கோ. பெரிய முடிவுன்னா ரப்பி கிட்ட போய் கேக்குறதுக்கு பாதி காரணமே இதுதான், போதும்னு சொல்ல வெளிய இருந்து ஒரு ஆள் வேணும்.

ரெஹோவோத்_போஸ்ட்டாக்:

எல்லையை வாரா வாரம் சனிக்கிழமையே போட்டுக் கொடுத்துடுது, அது ஒண்ணை நான் லேப்ல பக்கத்துலயே பார்க்கிறேன். எங்க கூட ஒரு பக்தியான ஆராய்ச்சியாளர் இருக்கார், கிராண்ட்டுக்கு கடைசித் தேதி ஞாயிறா இருந்தாலும் வெள்ளி மதியம் லேப்டாப்பை மூடினா சனி ராத்திரிதான் திறப்பார். அந்த ஒரு நாள்ல வேலை போச்சுன்னா அது என்னுது இல்லன்னு சொல்லுவார். மத்த ஆறு நாளும் எங்க எல்லாரையும் விட அதிகமா உழைக்கிறவர் அவர்தான்.

விவசாயத்துல இன்னும் பெருசு, ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை நிலத்தை சும்மா போடணும், கடைசியா 2021 செப்டம்பர்ல இருந்து 2022 செப்டம்பர் வரைக்கும் வந்துச்சு. லேவியராகமத்துலயே அந்த விவசாயியோட கேள்வி இருக்கு, ஏழாம் வருஷம் நாங்க என்னத்தை சாப்பிடுறதுன்னு. இப்போ நிறைய பேர் அந்த வருஷத்துக்கு நிலத்தை யூதர் அல்லாதவருக்கு வித்த மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணி பயிர் வைக்கிறாங்க, நூறு வருஷத்துக்கு மேல அது செல்லுமா செல்லாதான்னு தகராறு, உங்க வீட்டு ஆளுங்க மாதிரி இருக்கிறவங்க பெரும்பாலும் அந்தக் காய்கறியை வாங்க மாட்டாங்க. ஆனா நிஜமாவே சும்மா போடுறவங்களும் இருக்காங்க, அவங்களுக்காக வெளிநாட்டுல கூட நிதி திரட்டுறாங்க.

வார்டு_நர்ஸ்:

கடைசியா நான் ஒண்ணு சொல்லிடுறேன், இதைச் சொல்லாம இந்தப் பேச்சு பாதிதான். இவ்வளவு நேரம் பேசினது எல்லாம் ஒரு ஆள் தன் சொந்தக் கஷ்டத்தை எப்படி எடுத்துக்கணும்ங்கிறது. அடுத்தவங்க கஷ்டத்துக்கு இதைத் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு அந்த மரபுல ஆசிரியர்கள் திரும்பத் திரும்ப சொல்லுவாங்க. பசிச்சவன் வாசல்ல நின்னா கடவுள் பார்த்துப்பார்னு அனுப்பக் கூடாது, அங்க நீ எதையும் கடவுள் பொறுப்புல விடாம உன் கையால போடணும். என் கூட வேலை பார்க்கிற ஒரு அம்மா, எனக்கு வந்தா விதின்னு இருப்பேன், உனக்கு வந்தா விதின்னு சொல்ல எனக்கு வாய் வரக் கூடாதுன்னு சொன்னாங்க.

தல்மூத்ல வார்த்தையால ஒருத்தரைத் துன்புறுத்துறதுக்கு ஒரு பட்டியல் இருக்கு. வியாதியில கிடக்கிறவங்க கிட்டயோ பிள்ளையை மண்ணுல போட்டவங்க கிட்டயோ போய், பைபிள்ல எல்லாத்தையும் இழந்து கிடந்த யோபு கிட்ட அவரோட நண்பர்கள் பேசின மாதிரி உன் பக்தி எங்க போச்சு, குத்தம் இல்லாதவன் எவன் அழிஞ்சான்னு பேசக் கூடாது, அது தடை செஞ்ச பேச்சு. அதனால மலர், அந்தப் பெரிய பையன் தன் வாயால ஹிஷ்தத்லுத் முடிஞ்சுதுன்னு சொன்னது சரி. நாம அவங்க கிட்ட கவலைப்படாதீங்க கடவுள் கையில விட்டுடுங்கன்னு சொல்றது வேற. நோயாளிக்கு அவங்க சொல்ற வாழ்த்து ரெஃபுவா ஷ்லேமா, முழு சுகம் கிடைக்கட்டும்னு. அதைச் சொல்லுங்க, சவ்தாவுக்கு எந்த மாத்திரை எந்த நேரம்னு ஒரு தாள்ல எழுதி ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க, ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை எடுக்குறாங்கன்னா ஆபரேஷனுக்கு முன்னாடி அதை எப்போ நிறுத்தணும்னு டாக்டர் கிட்ட தேதியோட கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க, நீங்களா நிறுத்திடாதீங்க.